கடுவன் குட்டிக்குக் கருத்தடை எப்போது: சிறுநீர் பீய்ச்சும் முன்பா, பின்பா, வேறு வழியிலா?

ஆண் பூனைக்குட்டி வளர்ப்பவர்களில் பெரும்பாலோர், குட்டிக்கு ஐந்தாறு மாதம் நிரம்பும் வேளையில், ஒரே கேள்வியின் முன் வந்து நிற்கிறார்கள். கருத்தடை அறுவை சிகிச்சையை உடனே செய்துவிடலாமா, ஒரு வயது வரை வளரட்டும் என்று காத்திருக்கலாமா, அல்லது கத்தி படாமலே மருந்தையும் பழக்கத்தையும் கொண்டு சமாளித்துவிடலாமா என்பதே அந்தக் கேள்வி. இது நிதானமாக யோசிக்கக்கூடிய நேரத்தில் எழுவது அரிது. திரைச்சீலையின் அடியிலோ கதவு மூலையிலோ கழுவினாலும் போகாத நெடி கிளம்பி, "இதை எங்கேயாவது கொண்டுபோய் விட்டுவிடலாம்" என்று வீட்டில் ஒருவர் சொல்லத் தொடங்கிய பிறகுதான் பலர் கால்நடை மருத்துவரைத் தேடுகிறார்கள். வளர்ப்புப் பூனைகள் கைவிடப்படுவதற்கான முதன்மைக் காரணங்களில் ஒன்று, வீட்டுக்குள் கண்ட இடத்தில் சிறுநீர் கழிப்பது. ஆகவே அந்தப் பூனை அந்த வீட்டில் தொடர்ந்து வாழுமா என்பதே இந்த முடிவில் அடங்கியிருக்கிறது.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனப்பெருக்கத்துக்கு வைத்துக்கொள்ளும் எண்ணம் இல்லாத ஆண் குட்டிக்கு, ஐந்து மாதம் நிரம்புவதற்குள், அதாவது அது பீய்ச்சத் தொடங்கும் முன்பே, கருத்தடை செய்துவிடுவது நல்லது. ஏற்கெனவே தொடங்கிவிட்டிருந்தால் இனியும் நாள் கடத்தக் கூடாது. மற்ற வழிகள் குறிப்பிட்ட சில சூழ்நிலைகளுக்கே பொருந்தும். ஆனாலும் காத்திருக்க நினைப்பவர்கள் சொல்லும் காரணங்களில் சில ஆராயத்தக்கவை. அவற்றைத் தட்டிக்கழிக்காமல் பார்த்தால்தான் முடிவு உறுதியாக நிற்கும்.

பீய்ச்சுதல்தானா என்று முதலில் பார்க்க வேண்டும்

நடப்பது என்னவென்று உறுதிசெய்துகொள்ளாமல் எந்த வழியைத் தேர்ந்தாலும் பயனில்லை. எல்லை குறிக்கும் கடுவன் பெரும்பாலும் குந்தி உட்காராது. சுவர், சோபாவின் பக்கவாட்டு, கதவு நிலை, தொங்கும் துணி போன்ற செங்குத்தான பரப்பை முதலில் நன்றாக முகர்ந்து பார்க்கும். பிறகு திரும்பி, அதற்குப் பின்புறத்தைக் காட்டி நின்றுகொண்டு வாலை நேராக உயர்த்தும். வாலின் நுனி நடுங்க, பின்னங்கால்கள் மாறி மாறி மிதிக்க, சிறிதளவு சிறுநீர் பின்பக்கமாகப் பீய்ச்சி அடிக்கும். அந்த இடத்தைப் பார்த்தால் பூனையின் பின்புற உயரத்தில் நனைந்த திட்டு ஒன்றும், அதிலிருந்து கீழே வழிந்த கோடும் தெரியும். அதே பூனை மணல் தட்டையும் வழக்கம்போல் ஒழுங்காகப் பயன்படுத்திக்கொண்டிருக்கும். வீட்டிலுள்ளவர்களைக் குழப்புவது பெரும்பாலும் இதுதான்.

படுக்கையிலோ தரைவிரிப்பிலோ குளியலறைத் தரையிலோ உட்கார்ந்து, தேங்கும் அளவுக்குச் சிறுநீர் கழித்தால் அது வேறு பிரச்சினை. தட்டு அழுக்காக இருக்கலாம், மணலின் தன்மை பிடிக்காமல் போயிருக்கலாம், தட்டு இருக்கும் இடம் இரைச்சலாக இருக்கலாம், வேறொரு பூனை வழியை மறித்துக்கொண்டிருக்கலாம், அல்லது சிறுநீர்ப்பையில் வலி இருக்கலாம். இவற்றுள் எதையும் விரைகளை நீக்குவதால் சரிசெய்ய முடியாது. கருத்தடை செய்தும் பலனில்லை என்று வருந்துகிறவர்களில் ஒரு பகுதியினருடைய பூனைகள் தொடக்கத்திலிருந்தே எல்லை குறிக்கவில்லை. அவற்றின் பிரச்சினை தட்டிலோ சிறுநீர்ப்பையிலோதான் இருந்திருக்கிறது. ஆகவே அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கும்போதே சிறுநீர்ப் பரிசோதனை ஒன்றையும் செய்துகொள்ளும்படி மருத்துவரிடம் கேட்பது நல்லது.

ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லியாக வேண்டும். ஆண் பூனை அடிக்கடி தட்டுக்குப் போய், முக்கி, முனகி, சொட்டுச் சொட்டாகவோ இரத்தம் கலந்தோ சிறுநீர் கழித்தால், அல்லது ஒன்றுமே வெளிவராமல் இருந்தால், அதைப் பழக்கக் கோளாறு என்று எண்ணி விட்டுவிடக் கூடாது. ஆண் பூனையின் சிறுநீர்க்குழாய் மிகக் குறுகலானது. அது அடைபட்டால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, ஓரிரு நாளில் உயிரே போய்விடும். அப்போது கருத்தடையைப் பற்றி யோசிக்க நேரமில்லை. அந்த மணியிலேயே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்ல வேண்டும்.

நெடியின் மூலம்

கடுவன் பூனையின் சிறுநீர் ஏன் அவ்வளவு கடுமையாக நாறுகிறது என்பது, கருத்தடையின் பலனைப் புரிந்துகொள்ள உதவும் செய்தி. பூனைகளின் சிறுநீரில் ஃபெலினின் என்ற கந்தகம் கலந்த அமினோ அமிலம் இருக்கிறது. அது காற்றுப்பட்டுச் சிதையும்போது, கந்தகம் உள்ள, எளிதில் ஆவியாகும் வேதிப்பொருள்கள் உண்டாகின்றன. கடுவன் நெடி என்று நாம் அறிவது இதைத்தான். ஃபெலினின் உருவாக, சிறுநீரகம் சுரக்கும் காக்சின் என்ற புரதம் துணைசெய்கிறது என்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2000களில் கண்டறிந்தார்கள். விரைகள் சுரக்கும் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் கூடுதலாக உள்ள, கருத்தடை செய்யப்படாத ஆண் பூனையில் இரண்டின் அளவும் மிக அதிகம். கருத்தடைக்குப் பின் வெகுவாகக் குறைந்துவிடுகின்றன.

இதிலிருந்து கிடைக்கும் நடைமுறைச் செய்தி என்னவென்றால், கருத்தடை இரண்டு வேலைகளைச் செய்கிறது: பீய்ச்ச வேண்டும் என்ற உந்துதலைத் தணிக்கிறது, பீய்ச்சினாலும் அந்த நெடியின் கடுமையைக் குறைக்கிறது. கருத்தடைக்குப் பிறகும் எப்போதாவது பீய்ச்சும் பூனையோடு வாழ்வதும், முழுக் கடுவனோடு மூடிய வீட்டில் வாழ்வதும் ஒன்றாகா. ஒப்பிட்டுப் பேசுபவர்கள் பெரும்பாலும் முதல் பலனை மட்டும் கணக்கிட்டு, இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள்.

பருவத்துக்கு முன்பா, தொடங்கிய பின்பா?

பெரும்பாலான ஆண் பூனைகள் ஆறு முதல் பத்து மாதத்துக்குள் பருவமடைகின்றன. சில ஐந்தாம் மாதத்திலேயே அடையாளம் காட்டத் தொடங்கும். ஆகவே "முன்பு" என்பது நடைமுறையில் நான்கு, ஐந்து மாத வயதைக் குறிக்கும். "பின்பு" என்பது ஏழெட்டு மாதத்தில், முதல் நெடி எழுந்த பிறகு எடுக்கும் முடிவு.

எண்களிலிருந்து தொடங்குவோம். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த பெஞ்சமின் ஹார்ட்டும் அவருடன் பணியாற்றியோரும் செய்த ஆய்வுகளே இன்றும் இந்தப் பொருளில் அடிப்படையாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன. வளர்ந்த பிறகு கருத்தடை செய்யப்பட்ட ஆண் பூனைகளைப் பற்றி 1973இல் வெளியான ஆய்வில், பீய்ச்சும் பழக்கம் ஏறத்தாழ 78 சதவீதப் பூனைகளில் விரைவாகவும், மேலும் 9 சதவீதத்தில் படிப்படியாகவும் குறைந்தது. ஊர் சுற்றுவதும் சண்டையிடுவதும் இதே போலப் பத்தில் ஒன்பது அளவுக்குக் குறைந்தன. 1984இல் வெளியான மற்றோர் ஆய்வு, ஆறு முதல் பத்து மாத வயதுக்குள் கருத்தடை செய்யப்பட்ட பூனைகளை வளர்ந்த பின் பார்த்தது. அவற்றுள் ஆண்களில் ஏறத்தாழ 10 சதவீதமும், பெண்களில் 5 சதவீதமும் அடிக்கடிப் பீய்ச்சிக்கொண்டிருந்தன.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு நியாயமான ஐயம் எழும். பருவத்தையொட்டிச் செய்தாலும் பத்தில் ஒன்று பீய்ச்சும், வளர்ந்தபின் செய்தாலும் பத்தில் ஒன்பது ஏறக்குறைய நிறுத்திவிடும் என்றால், எதற்காக அவசரப்பட வேண்டும்? காத்திருக்க விரும்புவோரிடம் உள்ள மிக வலுவான வாதம் இதுதான். தாமதமாகிவிட்டதே என்று மனம் உடைந்திருப்பவர்களுக்கு இது உண்மையான ஆறுதலும்கூட: இரண்டு வயதுக் கடுவனுக்குச் செய்தாலும் நல்ல பலன் கிடைக்க வாய்ப்பு மிக அதிகம். "பழகிவிட்டது, இனி ஒன்றும் ஆகாது" என்ற பேச்சுக்கு ஆதாரம் இல்லை.

ஆனால் இந்த வாதம் இடைப்பட்ட மாதங்களில் நடப்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. பருவமடைந்த கடுவன் வீட்டுக்குள் அடைபட்டிருந்தால் இரவெல்லாம் கத்தும், கதவைப் பிறாண்டும், பீய்ச்சும். வெளியே போக வழியிருந்தால், பெண் பூனையின் வாசனையைத் தேடித் தெருக்களைக் கடந்து நெடுந்தூரம் போகும், வண்டியில் அடிபடும், மற்றக் கடுவன்களோடு சண்டை பிடிக்கும். பூனைக்கடி மேலே பார்க்கச் சிறு துளையாகத்தான் இருக்கும்; உள்ளே சீழ் கட்டி, சில நாள் கழித்துக் காய்ச்சலோடு வீங்கும். எய்ட்ஸ் வைரஸை ஒத்த எஃப்ஐவி என்ற பூனை வைரஸ் பரவுவதும் முக்கியமாக இத்தகைய ஆழமான கடிகளின் வழியாகத்தான். கருத்தடை செய்யப்படாமல் வெளியே திரியும் ஆண் பூனைகளிடம் அது கூடுதலாகக் காணப்படுவதற்குக் காரணம் இதுவே. பீய்ச்சும் பழக்கத்தைப் பின்னால் நிறுத்திவிட முடியும். வாங்கிவந்த வைரஸைத் திருப்பி அனுப்ப முடியாது. அந்த மாதங்களில் அது பிறக்கச்செய்யும் குட்டிகளை யார் வளர்ப்பது என்ற கேள்வியும் இருக்கிறது.

இன்னும் இளவயதில் செய்வதைப் பற்றி, காப்பகங்களிலிருந்து தத்தெடுக்கப்பட்ட 1,660 பூனைகளைத் தொடர்ந்து கவனித்து அமெரிக்காவில் 2004இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. ஐந்தரை மாதத்துக்கு முன் கருத்தடை செய்யப்பட்ட ஆண் பூனைகளிடம் சீழ்க்கட்டி, பாலுணர்வு நடத்தை, பீய்ச்சுதல் ஆகிய மூன்றும், அந்த வயதுக்குப் பின் செய்யப்பட்டவற்றைவிடக் குறைவாக இருந்தன. கூச்சமும் ஒளிந்துகொள்ளும் போக்கும் சற்றுக் கூடியிருந்தன என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. இயல்பிலேயே அஞ்சி நடுங்கும் குட்டியை வைத்திருப்பவர் அதையும் மனத்தில் கொள்ள வேண்டும். ஆனால் அதற்காக அறுவை சிகிச்சையையே தள்ளிப்போடுவதைவிட, குட்டியைப் பல மனிதர்களிடமும் ஓசைகளிடமும் மெல்லப் பழக்குவதே சரியான மருந்து. பூனைக் கருத்தடையை ஐந்து மாதத்துக்குள் செய்துவிட வேண்டும் என்று கால்நடை மருத்துவர்கள் அடங்கிய பணிக்குழு ஒன்று 2016இல் அமெரிக்காவில் பரிந்துரைத்ததும், அந்நாட்டுக் கால்நடை மருத்துவச் சங்கம் அடுத்த ஆண்டே அதை ஏற்றுக்கொண்டதும் இத்தகைய சான்றுகளின் மேல்தான்.

காத்திருக்கச் சொல்லும் மூன்று அச்சங்கள்

சீக்கிரம் செய்தால் சிறுநீர்க்குழாய் வளராமல் குறுகிப்போய், பிற்காலத்தில் அடைப்பு வரும் என்பது பரவலாகக் கேட்கும் அச்சம். 1990களில் இதை நேரடியாகச் சோதித்துப் பார்த்தார்கள். ஏழு வார வயதில் கருத்தடை செய்யப்பட்டவை, ஏழு மாதத்தில் செய்யப்பட்டவை, செய்யப்படாதவை ஆகிய மூன்று குழுக்களின் சிறுநீர்க்குழாய் விட்டத்தை அளந்தபோது வேறுபாடு காணப்படவில்லை. அடைப்புக்கு வேறு காரணிகள் இருக்கின்றன: உடல் பருமன், தண்ணீர் குறைவாகக் குடிப்பது, உலர்தீனி மட்டுமே தின்பது, மன இறுக்கம். இவற்றைக் கவனிப்பது நம் கையில் இருக்கிறது.

எலும்பு வளர்ச்சியைப் பற்றிய அச்சத்தில் சிறிது உண்மை உண்டு. கருத்தடை செய்யப்பட்ட பூனைகளில் நீண்ட எலும்புகளின் வளர்ச்சித் தட்டுகள் மூடுவதற்குத் தாமதமாகிறது; அதனால் அவை சற்று நீளமாக வளர்கின்றன. பெரும்பாலான பூனைகளுக்கு இதனால் எந்தத் துன்பமும் இல்லை. உடல் பருத்த இளம் ஆண் பூனைகளில் சிலவற்றுக்கு மட்டும் தொடையெலும்பின் தலைப்பகுதி நழுவும் நோய் வருவதை மருத்துவர்கள் பார்த்திருக்கிறார்கள். அங்கும் எடைதான் நம்மால் கட்டுப்படுத்தக்கூடியது.

மூன்றாவது அச்சம் குண்டாகிவிடும் என்பது. இதுதான் மூன்றிலும் மெய்யானது; மற்ற இரண்டைப் பற்றியும் கவலைப்படுபவர்கள் இதைத்தான் எளிதாக எடுத்துக்கொள்கிறார்கள். கருத்தடைக்குப் பின் பூனையின் ஆற்றல் தேவை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைகிறது, பசியோ கூடுகிறது. மாற்றம் சில நாள்களிலேயே தொடங்கிவிடுவதால், "அறுவை சிகிச்சை பண்ணின பிள்ளை, நன்றாகச் சாப்பிடட்டும்" என்று கிண்ணத்தை நிரப்பிவைக்கும் அன்புதான் கேடாக முடிகிறது. காயம் ஆறியதும் உணவை அளந்து வைக்கத் தொடங்கி, மாதம் ஒருமுறை எடை பார்த்து, அதற்கேற்ப அளவைத் திருத்திக்கொண்டே வந்தால் இந்தச் சிக்கல் வராது. எந்த வயதில் செய்தாலும் இதே கதைதான் என்பதால், காத்திருப்பதற்கு இதைக் காரணமாகச் சொல்ல முடியாது.

கத்தி இல்லாத வழிகள்

அறுவை சிகிச்சை வேண்டாம் என்பவர்களுக்கு மருந்தில் மூன்று வகை உண்டு. அவை மூன்றும் மிகவும் வேறுபட்டவை.

தோலுக்கடியில் பொருத்தும் டெஸ்லோரெலின் என்ற ஹார்மோன் குச்சி, விரைகளைத் தூண்டும் ஹார்மோன் சங்கிலியையே அடக்கிவிடுகிறது. பூனைக்குப் பூனை வேறுபட்டாலும் பலன் ஓராண்டோ அதற்கு மேலுமோ நீடிக்கும். பிறகு பழைய நிலை திரும்பும். பொருத்திய முதல் சில வாரங்களில் டெஸ்டோஸ்டிரோன் ஏறிவிட்டுத்தான் இறங்கும் என்பதால், பீய்ச்சுதல் குறைவதற்கு முன் கூடவும் செய்யலாம். பின்னர் இனப்பெருக்கம் செய்ய எண்ணியிருப்பவர்களுக்கும், இதய நோய் போன்ற காரணத்தால் மயக்க மருந்து தரத் தயங்க வேண்டிய பூனைகளுக்கும் இது நல்ல வழி. நலமான இளம் பூனைக்கு, திரும்பத் திரும்பச் செய்யவேண்டிய ஒன்றை, ஒரே முறையில் முடியக்கூடிய ஒன்றுக்கு மாற்றாக ஏன் எடுக்க வேண்டும் என்று எனக்குத் தெளிவாகவில்லை.

புரோஜெஸ்டிரோன் என்ற பெண் ஹார்மோனைப் போலச் செயல்படும் புரோஜெஸ்டின் வகை ஊசிகளும் மாத்திரைகளும் ஒரு காலத்தில் பீய்ச்சலுக்குப் பரவலாகக் கொடுக்கப்பட்டன. நீரிழிவு, பால் சுரப்பி வீக்கம், அட்ரினல் சுரப்பி ஒடுக்கம் ஆகியவை அவற்றால் வரக்கூடிய விளைவுகள். இளம் பூனைக்கு முதல் தேர்வாக எவராவது இதைச் சொன்னால் ஏற்காதீர்கள். இதில் தயக்கத்துக்கே இடமில்லை.

மூன்றாவது வகை மனநிலையைச் சீராக்கும் மருந்துகள். ஃப்ளூஆக்சிட்டினும் குளோமிப்ரமினும் பீய்ச்சுதலைக் குறைக்கின்றன என்று முறையான ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், நாள்தோறும் கொடுக்க வேண்டும், நிறுத்தினால் பல பூனைகள் மீண்டும் தொடங்கிவிடும். இவற்றின் இடம், கருத்தடைக்குப் பிறகும் பதற்றத்தால் பீய்ச்சிக்கொண்டிருக்கும் பூனை. முழுக் கடுவனின் ஹார்மோன் உந்துதலுக்கு எதிராக இவற்றை நிறுத்துவது, குழாயைத் திறந்துவிட்டுத் தரையைத் துடைத்துக்கொண்டிருப்பதுதான்.

பூனை முகத்தைத் தேய்த்து விட்டுச்செல்லும் வாசனையைப் போலச் செயற்கையாக உருவாக்கிய ஃபெரோமோன் கருவிகளும் தெளிப்பான்களும் தீங்கற்றவை. சில வீடுகளில் உதவுகின்றன, சிலவற்றில் வேறுபாடே தெரிவதில்லை. துணைக்கு வைத்துக்கொள்ளலாம், தனித்து நம்பக் கூடாது.

வாசெக்டமி எனப்படும் விந்துக்குழாய்த் துண்டிப்பைப் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். "ஆண்மையைப் பறிக்காமல்" குட்டி பிறப்பதை மட்டும் தடுக்கலாம் என்ற எண்ணம் அதில் இருக்கிறது. விரைகள் அப்படியே இருப்பதால் டெஸ்டோஸ்டிரோனும் அப்படியே இருக்கும். பீய்ச்சுதலும் சண்டையும் அலைச்சலும் தொடரும். பீய்ச்சுதலை நிறுத்தும் நோக்கத்துக்கு இதனால் எந்தப் பயனும் இல்லை. பூனை தன் ஆண்மையைப் பற்றி வருந்துவதில்லை. இனச்சேர்க்கைத் துடிப்பு தீராமல் கதவுக்குள் அடைபட்டுக் கிடப்பதுதான் அதற்கு உண்மையான வேதனை. இதை வீட்டின் பெரியவர்களிடம் பொறுமையாக எடுத்துச்சொல்ல வேண்டியிருக்கலாம்.

சூழலைத் திருத்துவது

இது கருத்தடைக்கு மாற்று வழியாக அடிக்கடி முன்வைக்கப்படுகிறது. எந்த வழியைத் தேர்ந்தாலும் கூடவே செய்யவேண்டியது என்று கொள்வதே பொருத்தம். ஏனென்றால் கடுவன் பீய்ச்சுவதற்கு ஹார்மோன் ஒரு காரணம்; அச்சமும் போட்டியும் மற்றொரு காரணம். சன்னல் வழியே தெரியும் அயல் பூனை, புதிதாக வந்த குழந்தை, வீடு மாறியது, இரண்டு பூனைகளுக்கு ஒரே தட்டு என்பவை கருத்தடை செய்த பூனையையும் பீய்ச்ச வைக்கக்கூடும். எத்தனை பூனைகளோ அதைவிட ஒன்று கூடுதலாகத் தட்டுகளை, ஒரே மூலையில் வரிசையாக அடுக்காமல் வெவ்வேறு இடங்களில் வைப்பதும், தினமும் கழிவை அள்ளுவதும், வெளிப் பூனை தெரியும் சன்னலின் கீழ்ப்பகுதியை மறைப்பதும், ஏறி உட்கார உயரமான இடங்கள் அமைப்பதும் செலவில்லாத, பலன் தரும் வேலைகள்.

பீய்ச்சிய இடத்தைத் துடைப்பதில் பலர் செய்வது நிலைமையை மோசமாக்குகிறது. அமோனியா கலந்த துப்புரவுப் பொருள் சிறுநீரின் வாசனையையே நினைவூட்டி, பூனையை அதே இடத்துக்கு மீண்டும் அழைக்கும். பிளீச்சிங் கரைசல் சிறுநீரில் உள்ள அமோனியாவோடு சேர்ந்து மூச்சைத் திணறவைக்கும் வாயுவை உண்டாக்கும். பீனால் கலந்த கிருமிநாசினிகள் பூனைக்கே நஞ்சு. நொதிகள் கலந்த துப்புரவுக் கரைசலை நன்றாக நனையும்படி ஊற்றி, குப்பியில் சொல்லியிருக்கும் நேரம் ஊறவிட்டு, பிறகு ஒற்றியெடுக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பழைய திட்டுகளை, இருட்டில் புற ஊதா டார்ச் அடித்துத் தேடினால் கண்டுபிடிக்கலாம். அடிப்பதும், மூக்கை அந்த இடத்தில் தேய்ப்பதும் பூனையின் அச்சத்தைக் கூட்டி, இன்னும் அதிகமாகப் பீய்ச்சவே வைக்கும். அதைத் தண்டனை என்று பூனை புரிந்துகொள்வதில்லை. நம்மை அஞ்சவேண்டியவர்களாக மட்டும் புரிந்துகொள்கிறது.

செய்தும் நிற்காதபோது

ஆண் பூனையின் கருத்தடை, அறுவை சிகிச்சைகளிலேயே மிக எளியவற்றுள் ஒன்று. மயக்க நிலையில் விரைப்பையில் சிறு கீறல் போட்டு இரண்டு விரைகளையும் எடுத்துவிடுகிறார்கள்; பெரும்பாலும் தையல்கூடப் போடுவதில்லை. டெஸ்டோஸ்டிரோன் இரத்தத்திலிருந்து விரைவில் இறங்கிவிடுகிறது. நடத்தை மாறுவதோ சிலவற்றில் நாள்களிலும், சிலவற்றில் வாரங்களிலும் மாதங்களிலும் நிகழும். ஆகவே இரண்டாம் வாரமே பலனில்லை என்று முடிவுகட்ட வேண்டாம். அறுவை சிகிச்சைக்குப் பிறகும் சில வாரங்கள் விந்தணுக்கள் எஞ்சியிருக்கும் என்பதால், ஆறு வாரமாவது கருத்தடை செய்யாத பெண் பூனையிடமிருந்து பிரித்து வைக்க வேண்டும்.

மூன்று, நான்கு மாதம் கடந்தும் முழுக் கடுவனைப் போலவே நெடியோடு பீய்ச்சினால், கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. சில ஆண் பூனைகளுக்கு ஒரு விரை விரைப்பைக்குள் இறங்காமல் வயிற்றிலோ கவட்டிலோ தங்கிவிடும். வெளியே இருந்ததை மட்டும் எடுத்துவிட்டு உள்ளே இருப்பதை விட்டுவிட்டால், அது தொடர்ந்து டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கும். முழுக் கடுவனின் ஆண்குறியில் டெஸ்டோஸ்டிரோனால் முளைக்கும் சின்னஞ்சிறு முட்கள் இருக்கும்; கருத்தடைக்குப் பின் சில வாரங்களில் அவை மறைந்துவிடும். மறையாமல் இருந்தால் எங்கோ ஒரு விரை எஞ்சியிருக்கிறது என்று பொருள். தெருவிலிருந்து எடுத்துவந்த, முன்கதை தெரியாத பூனைகளில் இந்தச் சோதனை மிகவும் பயன்படும். அறுவை சிகிச்சைக்கு முன்பே இரண்டு விரைகளும் கைக்குத் தட்டுப்படுகின்றனவா என்று மருத்துவரிடம் கேட்டு அறிந்துகொள்வது இன்னும் நல்லது. இறங்காத விரை பிற்காலத்தில் புற்றாக மாறவும் கூடும் என்பதால், அதைத் தேடி எடுத்தே ஆக வேண்டும்.

முட்கள் இல்லை, சிறுநீர்ப் பரிசோதனையும் சரி என்றால், மீதமிருப்பது பதற்றம். சூழல் திருத்தம், ஃபெரோமோன், மேலே சொன்ன மனநிலை மருந்துகள் ஆகியவற்றுக்கு அப்போதுதான் வேளை.

நாள் குறித்த பிறகு

நான்கு மாதக் குட்டியை முந்தின இரவு முழுதும் பட்டினி போடக் கூடாது. உடலில் சேமிப்பு இல்லாததால் இரத்தச் சர்க்கரை இறங்கிவிடும். எத்தனை மணி நேரம் முன்பு உணவை நிறுத்துவது என்பதை மருத்துவர் சொல்வார்; சிறு குட்டிகளுக்கு அது பெரும்பாலும் சில மணி நேரம்தான். வீட்டுக்கு வந்தபின் ஒரு வாரம் மணலுக்குப் பதிலாகக் கிழித்த காகிதத்தைத் தட்டில் இட்டால் காயத்தில் துகள் ஒட்டாது. விடாமல் நக்கினால், வாய் காயத்துக்கு எட்டாதபடி தடுக்கும் கூம்பு வடிவக் கழுத்துப்பட்டை போட வேண்டும். வலிக்கிறதே என்று வீட்டிலுள்ள பாராசிட்டமாலை ஒரு துளிகூடக் கொடுத்துவிடாதீர்கள். பூனையின் கல்லீரலால் அதைச் சிதைத்து வெளியேற்ற முடியாது, சிறிய அளவே கொன்றுவிடும். மருத்துவர் எழுதிக்கொடுத்த வலி நிவாரணியை மட்டும், சொன்ன அளவில் கொடுக்க வேண்டும்.

வீட்டில் இரண்டு ஆண் குட்டிகள் இருந்தால் இருவருக்கும் ஒரே நாளில் செய்துவிடுவது நல்லது. ஒருவனுக்கு மட்டும் செய்துவிட்டு மற்றவனை அடுத்த மாதத்துக்கு ஒத்திப்போட்டால், மருத்துவமனை வாசனையோடு திரும்பி வருபவனைப் பார்த்து மற்றவன் சீறுவான். செய்யப்படாதவன் பீய்ச்சத் தொடங்கினால், அந்த நெடிக்குப் பதில் சொல்வதற்காகச் செய்யப்பட்டவனும் பீய்ச்சக் கற்றுக்கொள்ள வாய்ப்புண்டு. இருவரையும் சேர்த்துச் செய்ய முடியாத நிலை வந்தால், மூத்தவனை முதலில் கொண்டுபோங்கள். திரும்பி வந்ததும் ஓரிரு நாள் தனி அறையில் வைத்து, இருவரும் படுக்கும் துணிகளை மாற்றி மாற்றிப் போட்டு, வாசனை மறுபடி ஒன்றான பிறகு சேர்த்துவிடுங்கள்.